பாலைவனத்தில் ஒரு ஸ்விட்ச்

அமெரிக்காவின் அரிஸோனாவில் க்வார்ட்ஸைட் என்று ஒரு சின்ன ஊர். கோடையில் ஈ, காக்காய் கிடையாது. ஜனவரி வந்ததோ இல்லையோ, சுற்றியுள்ள பாலைவனம் பூரா மோட்டார் ஹோம்கள்! கட்டில், அடுப்பு, பாத்ரூம், ஏ.ஸி. சகிதம் ஓடுகிற வீடு. மனைவியிடம் கோபித்துக்கொண்டு கிளம்பினால் வீடும் கூடவே வரும், ஸார்.

ஊருக்குள் முகாம் என்றால் கம்பத்தில் ப்ளக்கை மாட்டி 120 வோல்ட் வாங்கிக் கொள்ளலாம். இந்தப் பொட்டலில் கம்பமாவது, கரண்ட்டாவது! வண்டியிலுள்ள ஜெனரேட்டர்தான் கதி.

அதற்கு மாறுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஏ.ஸி.யை அணையுங்கள். ஜெனரேட்டரைக் கிளப்பி, ஓட்டம் சீராகும்வரை இரண்டு நிமிஷம் பொறுங்கள். பல வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் தானே மாற்றிவிடும். சிலதில் கேபிளை நீங்களே ஜெனரேட்டர் ஸாக்கெட்டில் செருக வேண்டும். கம்பமும் ஜெனரேட்டரும் ஒரே சமயத்தில் லைனில் இருக்கவே கூடாது. ஒரு சமையலறையில் இரண்டு மாமியார் கதையாகிவிடும்.

ஏ.ஸி. கடைசியில்தான். 30 ஆம்ப் வண்டிக்கு மொத்தமே 3,600 வாட். ஏ.ஸி., மைக்ரோவேவ், ஹேர் டிரையர் மூன்றையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும்.

இனி விளையாட்டில்லை. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தூங்குகிறவரை எழுப்பாமலே கொண்டு போய்விடும். காற்று திரும்பினால் பக்கத்து வண்டி ஜன்னலுக்குள்ளும் நுழையும். அதனால் டிடெக்டர் பட்டனை அமுக்கி, கத்துகிறதா என்று பாருங்கள். படுக்குமுன் ஜெனரேட்டரை நிறுத்துங்கள்.

நிறுத்தியதும் கதவைத் திறந்தால், பில் வராத வெளிச்சம். வானம் கொள்ளாத நட்சத்திரம்!