அருகம்புல்லும் ஹைப்ரிட்டும்

ஐப்பசி மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. சென்னை கோல்ஃப் மைதானங்களில் அந்த நாட்களில் புல் வளரும் வேகத்துக்கு வெட்டும் இயந்திரம் ஈடுகொடுக்காது. ஃபேர்வேயின் இடது ஓரத்தைத் தாண்டிப்போய் ரஃபில் இறங்கிவிட்டது என் பந்து. கிரீனுக்கு இன்னும் 170 கஜம். நான் 4-அயர்னை உருவினேன். என்னுடன் வந்த கேடி, அந்த மைதானத்தில் முப்பது வருஷமாகப் பை தூக்குபவர், "சார், புல்லு கழுத்தப் புடிச்சுக்கும். ரெஸ்க்யூ எடுங்க" என்றார். ஹைப்ரிட் மட்டையைத்தான் அப்படிச் சொன்னார். நான் கேட்கவில்லை. அடித்தேன். அவர் சொன்னபடியே மட்டையின் கழுத்தைப் புல் பிடித்தது. முகம் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. இடப்பக்கமாகத் தாழப் பறந்த பந்து நாற்பது கஜத்தில் இன்னும் அடர்ந்த புல்லுக்குள் விழுந்தது.

நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லைத்தான் கோல்ஃப் உலகம் பெர்முடா என்று அழைக்கிறது. தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, பின்னிக்கொண்டே போகும் புல் அது. வெட்டாமல் விட்டால் பந்தைத் தாங்காது. பந்து இடுக்கு வழியே அடிக்குப் போய்விடும். அதற்குள் நீள அயர்னின் மெல்லிய தகடு நுழையும்போது, தாள்கள் மட்டையின் கழுத்தைச் சுற்றிக்கொள்கின்றன. அந்தப் பக்கம் வேகம் குறைய, நுனி முந்திக்கொள்ள, முகம் மூடுகிறது. கையில் பலமுள்ள தொழில்முறை ஆட்டக்காரர் மட்டையின் வேகத்தால் இதை ஓரளவு சமாளிப்பார். வாரம் ஒருநாள் ஆடும் நமக்கு அந்த வேகம் கிடையாது.

அன்று மாலை வீட்டில் ஹைப்ரிட்டையும் அயர்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 22 டிகிரி சாய்வுள்ள என் ஹைப்ரிட்டின் தலை, வுட்டின் தலையைவிடச் சிறியது. ஆனால் அயர்னைப் போலத் தகடு அல்ல, பின்னால் புடைத்திருக்கிறது. அடிப்பகுதி அகலமாக, ஓரம் மழுங்கி இருக்கிறது. அதனால் அது புல்லுக்குள் குத்தி நிற்காமல் விலக்கிக்கொண்டு வழுக்குகிறது. எடை தாழ்வாகவும் பின்தள்ளியும் இருப்பதால் பந்து சுலபமாக மேலெழுகிறது. அப்படியென்றால் ஃபேர்வே வுட்டே போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். வுட்டின் தண்டு நீளம். மட்டை தட்டையான வளைவில் வருவதால் பந்தைத் தொடுவதற்கு முன்பே நிறையப் புல்லைச் சந்திக்கிறது. ஹைப்ரிட்டின் தண்டு குட்டை. மேலிருந்து செங்குத்தாக இறக்கலாம். ரஃபில் அதன் பலத்தில் பாதி இந்தக் குட்டைத் தண்டுதான் என்பது என் எண்ணம்.

2009-இல் மினசோட்டாவின் ஹேசல்டீன் மைதானத்தில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில், கொரியாவின் ஒய்.ஈ. யாங் 200 கஜத்துக்கும் அதிகமான தூரத்திலிருந்து ஹைப்ரிட்டால் அடித்த அடியை நினைத்துக்கொள்வேன். பந்து உயர எழுந்து கொடிக்கு அருகில் இறங்கியது. டைகர் உட்ஸைத் தோற்கடித்து, மேஜர் பட்டம் வென்ற முதல் ஆசிய ஆண் ஆட்டக்காரர் ஆனார் யாங். அந்தத் தூரத்திலிருந்து அவ்வளவு உயரம் எழுப்பி இறக்க நீள அயர்னால் முடிவது மிகச் சிலருக்கே.

ஆனாலும் ஹைப்ரிட் எல்லாப் புல்லிலிருந்தும் காப்பாற்றாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இன்னொரு மழைக்காலம் பிடித்தது. கேடி பந்துக்குச் சற்றுத் தள்ளி நடந்து, காலாலேயே புல்லின் அடர்த்தியை அறிவார். புல் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். கிரீனை நோக்கிப் படுத்திருந்தால் மட்டை ஓடிவிடும். நம்மை எதிர்த்துப் படுத்திருந்தால் பிடித்துக்கொள்ளும். பந்தின் மேல்பாதி தெரிந்தால் ஹைப்ரிட்டை நீட்டுவார். உச்சி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் பேசாமல் வெட்ஜைத் தருவார்.

அடிக்கும்போது பந்தைக் கொஞ்சம் நடுப்பக்கமாக வைத்து, பிடியை இறுக்கி, அயர்னைப் போலக் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்குவதுபோல் வீசினால் புல்தான் வெல்லும். இன்னொன்று: முகத்துக்கும் பந்துக்கும் நடுவே ஈரத்தாள் மாட்டிக்கொள்வதால் பின்சுழற்சி குறைகிறது, பந்து விழுந்த பிறகும் ஓடுகிறது. ஆகவே கிரீனுக்கு முன்பே இறக்குவது நல்லது.

விதிப்படி பையில் 14 மட்டைகளுக்குத்தான் இடம். என் பையில் இப்போது 3-அயர்னும் 4-அயர்னும் இல்லை. வாரக்கடைசியில் ஆடும் நண்பர்களே, நீங்களும் அவற்றை எடுத்துவிட்டு இரண்டு ஹைப்ரிட் வைத்துக்கொள்ளுங்கள். புல்லுக்குள் பந்தின் உச்சிக்கு மேல் தெரியாதபோது மட்டும் அவற்றைத் தொடாமல், வெட்ஜால் ஃபேர்வேக்குத் திரும்பிவிடுங்கள்.