குதிகாலுக்கு ஊசி போடலாமா பாஸ்?

எட்டு மாசமா எனக்கு குதிகாலுக்குப் பின்னாடி வலி. கயிறு மாதிரி ஓடுதே அக்கிலீஸ் தசைநாண், அதுலதான். வாலிபால் ஆடறவங்களுக்கு நல்லாவே தெரிஞ்ச வில்லன். ஐஸ் வெச்சாச்சு, தைலம் தேய்ச்சாச்சு, "வயசுப் பையன், தானா சரியாயிடும்"னு அப்பாவும் சொல்லியாச்சு.

அப்பதான் ஒரு கிளினிக்ல, "உன் உடம்புலேர்ந்தே எடுத்து ஊசியா போட்டா போதும்"னாங்க. கேட்ட தொகை? என் ரெண்டு செமஸ்டர் ஃபீஸ்!

இந்த ஊசியில ரெண்டு தினுசு இருக்கு. ஒண்ணு பி.ஆர்.பி. கையில ரத்தம் எடுத்து, மெஷின்ல வேகமா சுத்தவிட்டு, பிளேட்லெட் நிறைஞ்ச பகுதியை மட்டும் வலிக்கிற இடத்துல போடுவாங்க. காயம்பட்டா முதல்ல ஓடி வர்றது பிளேட்லெட்தானே, அதை நாமளே கொண்டுபோய் விடுவோம்ங்கிற லாஜிக். இன்னொண்ணு அசல் செல் வைத்தியம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர ஆராய்ச்சியாளர்கள், முழங்கால் தசைநாண்ல துளியூண்டு எடுத்து, லேப்ல சில வாரம் செல்லை வளர்த்து, தீராத முழங்கை வலிக்காரங்களுக்குப் போட்டுப் பார்த்தாங்க. 2013-ல வந்த ரிசல்ட் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஆட்கள் ரொம்பக் கொஞ்சம். ஊசி போடாதவங்களோட ஒப்பிடவும் இல்லை.

அந்த ஒப்பிடறதுலதான் விஷயமே இருக்கு. ஏன்னா இந்த வலி தானாவே ஏறும், இறங்கும். நெதர்லாந்துல அக்கிலீஸ் வலி உள்ள 54 பேர்ல பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி போட்டாங்க. யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது. 24 வாரம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு கோஷ்டியும் தேறியிருந்தது, வித்தியாசமே இல்லை! இது 2010-ல வெளியாச்சு. 2021-ல பிரிட்டன்ல 240 பேரை வெச்சு, பொய் ஊசியோட ஒப்பிட்டாங்க. அங்கேயும் அதே கதைதான்.

நெதர்லாந்துல எல்லாரும் சேர்ந்து செஞ்சது ஒரு பயிற்சி. ஸ்வீடன் டாக்டர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-ல 15 ஓட்டக்காரர்களுக்குக் கொடுத்துப் பிரபலமானது. (இதுலயும் ஆள் கம்மிதான். ஆனா செலவு ஒரு படிக்கட்டு!) படி விளிம்புல முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால எம்பி, வலிக்கிற காலால மெதுவா குதிகாலை இறக்கணும். 15 தடவையா 3 சுற்று. முட்டியை மடக்கி இன்னொரு 3 சுற்று. காலையில, சாயங்காலம்னு ஒரு நாளைக்கு 180 தடவை. மொத்தம் 12 வாரம்.

பிசியோதெரபிஸ்ட் காலைப் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் நான் ஆரம்பிச்சேன். நீங்களும் அப்படியே செய்யுங்க. 'டப்'புன்னு சத்தம் கேட்டு கால் தொய்ஞ்சா அது கிழிசலா இருக்கலாம், அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடணும்.

ஆறு வாரம் ஒண்ணும் நடக்கலை. மண்டல மேட்ச்ல என் இடத்துல வேற பையன் ஆடினான், நான் ஸ்கோர் எழுதினேன். வயிறு எரிஞ்சது. ஏழாவது வாரம்தான் வலி லேசா பின்வாங்குச்சு. அப்புறம் முதுகுப் பையில புத்தகத்தை அடைச்சு மாட்டிக்கிட்டு இறக்கினேன். "என்னடா, தினமும் படியை எண்றே?"ன்னு கீழ் மாடிப் பசங்க கேட்டாங்க.

"நூத்தி பன்னெண்டு... டிஸ்டர்ப் பண்ணாதீங்கடா!"