அண்ணாவின் தொப்பி

கட்டாரில் ஆறு வருசம் வேலை செய்துவிட்டு வந்த அண்ணா, வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றவில்லை. சாப்பிடும்போதும் தொப்பிதான். "கலியாணம் பேச முதல் இந்தத் தலைக்கு ஒரு வழி பண்ணவேணும்" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குத் துணையாக நானும் போனேன்.

முடி நடுகைச் சிகிச்சை புதிதாக ஒரு மயிரையும் உண்டாக்குவதில்லை. பின்தலை வேர்களை வழுக்கைக்குக் காரணமான ஹோர்மோன் அவ்வளவாகப் பாதிக்காது. அவற்றை எடுத்து முன்பக்கம் நடுகிறார்கள். இடம் மாறினாலும் வேர் தன் பழைய குணத்தை விடாது. 1959இல் நியூயோர்க் மருத்துவர் நோர்மன் ஓரென்ட்ரைக் எழுதியதும் இதைத்தான்.

அதோடு பீ.ஆர்.பீ.யும் செய்யச் சொன்னார்கள். அண்ணாவின் கையில் இரத்தம் எடுத்து இயந்திரத்தில் சுற்றினார்கள். சிவப்பு அடியில் இறங்க, மேலே மஞ்சள் திரவவிழையம் நின்றது. ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்த குருதிச் சிறுதட்டுக்களை அதில் செறிவாக்கித் தலையில் ஊசியால் ஏற்றுவார்கள். காயம் ஆற உதவும் வளர்ச்சிக் காரணிகளை அவை வெளிவிடும். "இதைப் போட்டா நட்ட முடி கொட்டாது தம்பி" என்றார் அங்கே இருந்த ஒருவர். அண்ணா மேலதிகக் காசையும் கட்டினார்.

மூன்றாம் கிழமை தலையணை முழுக்க முடி. அண்ணா அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். "ஆறு வருச வெயிலடா அது" என்று மட்டும் உள்ளே இருந்து சொன்னார்.

அன்றிரவு நான் தேடித்தேடி வாசித்தேன். நட்ட மயிர் முதல் கிழமைகளில் கொட்டுவது வழமை. தண்டு விழும், வேர் உள்ளே இருக்கும். மூன்று நாலு மாதத்தில் முளைக்கும், முழுப்பலன் தெரிய ஒரு வருசம் வரை ஆகும். பீ.ஆர்.பீ. பொய்யும் இல்லை. 2006இல் பிரேசில் மருத்துவர் கார்லோஸ் யூபெல் 20 பேரில் செய்த ஆய்வில், அதில் ஊறவைத்து நட்ட பகுதியில் முடி 15 வீதமளவு அடர்த்தியாக இருந்தது. ஆனால் 20 பேர் சின்னத் தொகை. எவ்வளவு செறிவு, எத்தனை தரம் என்பதற்கு மருத்துவர்களிடம் இன்றும் ஒரே முறை இல்லை. செத்த வேரை அது எழுப்பாது.

வாசித்ததை அண்ணாவுக்குச் சொன்னேன், அவர் நம்பவில்லை. அப்பா வாசலில் நின்றபடி, "புகையிலைக் கண்டு நட்டாலும் முதல் சோந்துதான் கிடக்கும். அதுக்காக ஆரும் பிடுங்கி எறியிறதோ?" என்றார். அதற்குத்தான் கதவு திறந்தது.

ஐந்தாம் மாதம் மெல்லிய மயிர் வந்தது. பீ.ஆர்.பீ. இல்லாமலும் வந்திருக்குமோ? ஒரே தலையில் அதை எப்படி அறிவது! போன காசு பற்றி எனக்குக் கோபமில்லை. "கொட்டும், பயப்படாதேங்கோ" என்று ஒரு வசனம் சொல்ல அவர்களுக்கு ஒரு சதமும் செலவாகியிராது.

நீங்களும் போவதென்றால், விலையைக் கேட்க முதல் இதைக் கேளுங்கள்: "மூன்றாம் கிழமை என்ன நடக்கும்?"