மாலத்தீவில் ஒரு சென்னைக்காரன்

நாகர்கோவிலிலிருந்து வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் சென்னையும் மாலேயும் ஏறத்தாழ ஒரே தூரம். இரண்டுமே 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இதை நான் அளந்து பார்த்தது பொய் சொன்ன பிறகு. மாலத்தீவில் ஒரு சுற்றுலாப் படகின் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தபோது, "தமிழ்நாட்டில் உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார்கள். நாகர்கோவில் வடசேரியில் பிறந்து, வடசேரியிலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் நான், "சென்னை" என்றேன். வெளிநாட்டில் நாகர்கோவிலை யாருக்குத் தெரியும், தெரிந்த ஊரைச் சொல்வது வழக்கம்தானே என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசலாம். வேண்டாம். எதற்காகச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு போன பயணம் அது. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. அங்கிருந்து சஃபாரி படகு. அதிலேயே அறை, அதிலேயே சாப்பாடு; ஒவ்வொரு பவளத்தீவுக் கூட்டமாகப் போய் நங்கூரம் போடுவார்கள். பகலில் மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கலாம், ஆளில்லாத மணல்திட்டுகளில் ஆலாப் பறவைகளைப் பார்க்கலாம். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஐரோப்பியர்கள். இரண்டு பெங்களூர் தம்பதிகள். நான் தனி. மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்கும் கடல் ஒத்துக்கொள்ளாது என்பது இரண்டாம் நாளே படகு முழுக்கத் தெரிந்துபோயிற்று.

தெற்கு ஆரி பவளத்தீவின் விளிம்புதான் அந்தப் பயணத்தின் உச்சம். திமிங்கிலச் சுறாவுக்காக 2009-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட கடல் அது. உலகின் மிகப் பெரிய மீன். மிதவை உயிர்களை வடிகட்டித் தின்னும் சாது. அங்கே வருபவை பெரும்பாலும் வயசுக்கு வராத ஆண்கள். ஒன்றை நானும் பார்த்தேன், மறுக்க மாட்டேன், உடம்பு சிலிர்த்தது. கருநீல முதுகில் வெள்ளைப் புள்ளிகளோடு, என்னை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் கடந்து போனது. உடலிலிருந்து மூன்று மீட்டர், வாலிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று பாடம் எடுத்துத்தான் இறக்கியிருந்தார்கள். ஒரே மீனைச் சுற்றி ஐந்தாறு படகுகளின் ஆட்கள் இறங்கினால் எந்த மீட்டர் கணக்கு நிற்கும்? அதன் முதுகுத் துடுப்பில் ஒரு துண்டு இல்லை. படகின் விசிறி வெட்டிய பழைய காயம் என்றார் வழிகாட்டி. எங்களைப் போன்றவர்களை ஏற்றிவரும் படகு வெட்டியதாகத்தான் இருக்க வேண்டும். யாரும் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

அன்று ராத்திரி சுறாக்களைப் பற்றி ஒரு படக்காட்சி. மாலத்தீவு 2010-இல் தன் கடல் முழுவதும் சுறா பிடிப்பதைத் தடை செய்த கதையை வழிகாட்டி சொன்னார். ஓய்வுபெற்ற ஆங்கிலேயர் ஒருவர் எழுந்து, இன்னும் தெற்கே சாகோஸ் தீவுகளில் தம் நாடு செய்ததைப் பெருமையாகச் சொன்னார். அதே 2010 ஏப்ரலில் அந்தத் தீவுகளைச் சுற்றி ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சதுர கிலோமீட்டர் கடலை மீன்பிடிக்கவே கூடாத காப்பகமாக அறிவித்தது பிரிட்டன். "ஆனால் தமிழ்நாட்டிலிருந்து திருடர்கள் வருகிறார்கள். அத்தனை தூரம் வந்து சுறாவை வாரிக்கொண்டு போகிறார்கள்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மரியாதையாகத்தான், எந்த ஊர் என்று கேட்டார்.

சென்னை என்றதோடு நிறுத்தியிருக்கலாம். "அது தெற்கே, கோடியில். எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. பேராசைதான் காரணம்" என்றும் சொன்னேன். தலையாட்டினார்கள். பெங்களூர்க்காரர் ஒருவர் எனக்கு ஜூஸ் வாங்கி வந்தார்.

அந்தத் 'திருடர்கள்' எங்கிருந்து வருகிறார்கள் என்று அந்தப் படகில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். வடசேரியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை, நீரோடி என்று ஒட்டி ஒட்டிக் கிடக்கும் கடற்கரை ஊர்கள். தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் இந்தியாவிலேயே பேர்போனவர்கள். சொந்தக் கரையில் பெரிய போட்டு அடைய வசதியில்லாமல் கொச்சியைத் தாவளமாக வைத்துத் தங்குகடல் போகிறவர்கள். கரை திரும்ப மாதக்கணக்கு ஆகும். சாகோஸ் தீவுகளில் ஒன்றான டியாகோ கார்சியா நம் கரையிலிருந்து ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். அந்தப் பக்கம் பிடிபட்ட போட்டுகளைப் பற்றி உள்ளூர்ப் பேப்பரில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் சிக்கிக்கொண்டவர்களும் இவர்கள்தான். அப்போது நான் ஒரு நிவாரண நிதிக்குப் பணம் கொடுத்தேன், ரசீதை வருமான வரிக்குக் காட்டினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வங்கியில் இருந்த காலத்தில் போட்டுக் கடன் கேட்டு வந்தவர்களின் மனுக்களை என் மேசையிலேயே முடக்கியிருக்கிறேன். விதி இடம் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஜாமீன் பொருளே மாதக்கணக்கில் கடலில் மிதந்தால் அதிகாரிக்குத் தூக்கம் எப்படி வரும் என்பதுதான் என் நியாயம். ரப்பர் தோட்டக்காரருக்கு அதே வாரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன். போட்டுக்காரர் துறைமுகத்துத் தரகரிடம் போவார். தரகர் முன்பணம் கொடுப்பார்; அந்தப் போட்டு பிடிக்கும் மீனெல்லாம் கடன் தீரும்வரை அவர் மூலமாகவே விற்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் கழிவு. ஆயிரக்கணக்கான லிட்டர் டீசலை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட பிறகு பக்கத்தில் மீன் இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்ப முடியாது, இன்னும் தெற்கே போக வேண்டியதுதான். பேராசை என்று நான் சொன்னதற்கு இதுதான் உள்கணக்கு. அது எனக்கு அத்துபடி.

எல்லை தாண்டியவர்களுக்கு வக்காலத்து வாங்குவதற்காக இதை எழுதவில்லை. சுறா மெதுவாக வளர்கிற, குறைவாகக் குட்டி போடுகிற உயிர்; பிடித்துத் தீர்த்தால் மீளாது. தடை தேவைதான். ஆனால் அதே சாகோஸில் பிறந்து வளர்ந்த ஜனங்களை அமெரிக்க ராணுவத் தளத்துக்காக 1968-க்கும் 1973-க்கும் இடையில் பிரிட்டன் வெளியேற்றியதும், அந்தக் காப்பகத்தை அறிவித்த முறை கடல்சட்ட உடன்படிக்கைக்குப் பொருந்தாது என்று 2015-இல் சர்வதேச நடுவர் மன்றம் சொன்னதும் எனக்குத் தெரியும். புறப்படுமுன் இரண்டையும் படித்திருந்தேன். இதை எடுத்துச் சொல்லியிருந்தால் அன்று நல்ல விவாதம் நடந்திருக்கும். ஜூஸ் வந்திருக்காது.

சொல்லாததற்குக் காரணம் பயம் என்று எழுதினால் அதுவும் ஒரு மழுப்பல். அது வளர்ப்பு. நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு நாடு என்றால் வயலும் குளமும் பழையாறும்; கடல் ஒரு நடை தூரத்தில் இருந்தாலும் அது வேறு தேசம். மீன் இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. ஆனால் மீன் கடவத்தோடு வரும் அம்மா முற்றத்தில்தான் இறக்குவாள், திண்ணையில் ஏறமாட்டாள், ஏறச் சொன்னதுமில்லை. என் அம்மை அவளிடம் பேரம் பேசி, அவள் போன பிறகு நின்ற இடத்தில் தண்ணீர் தெளிப்பாள். நாற்றத்துக்காக என்பாள். 'கடப்புறத்து ஆளுங்க' என்று எங்கள் வீட்டில் சொல்லும் தொனி ஒன்று உண்டு. ஆங்கிலேயர் 'திருடர்கள்' என்றபோது அந்தத் தொனி எனக்கு அந்நியமாகவே படவில்லை.

ஊருக்கு வந்ததும் நாகர்கோவிலில் ஒரு வாசகர் கூட்டத்தில் படங்களைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். பேச்சு நன்றாகத்தான் போனது. முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் வந்தான். வள்ளவிளை. அண்ணனுடைய போட்டில் போய் டியாகோ கார்சியாவில் பிடிபட்டு, கொஞ்ச நாள் அங்கே இருந்திருக்கிறான்.

"சாரே, நீங்க காட்டுன அந்தக் கறுத்த பறவை ராத்திரி எங்க போட்டுல வந்து இருக்கும். கையால பிடிக்கலாம், பறக்காது."

அங்கே எப்படி நடத்தினார்கள் என்று கேட்டேன்.

"சாப்பாடெல்லாம் நல்லா தந்தாவ. போட்டுதான் போச்சு." பிறகு, "ஒரு ஆளுக்கு எவ்வளவு சாரே ஆச்சு?" என்றான்.

கட்டியது இரண்டு லட்சத்துக்கும் மேலே. எண்பதாயிரம் என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "எத்தனை பேரு?" என்றான். சொன்னேன். மனசுக்குள் பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும். "அத்தன பெரிய போட்டு ஒரு வாரம் ஓடுனா டீசலு, சம்பளம், சாப்பாடு எல்லாம் இருக்கே. இது அவங்களுக்கு எப்படிச் சாரே கட்டுபடியாவும்?"

சீசன் இல்லாத நேரம், தள்ளுபடி கொடுத்தார்கள் என்றேன்.