படித்துக் காட்டப்பட்டது

வங்கியில் கைநாட்டு வைப்பவர்களுக்கும், படிவத்தின் மொழி அல்லாத வேறு மொழியில் கையெழுத்திடுபவர்களுக்கும் ஒரு வாசகம் சேர்த்து எழுத வேண்டும். உள்ளே உள்ளது இவருக்குப் படித்துக் காட்டப்பட்டது, இவர் புரிந்துகொண்டார் என்ற பொருளில் போகும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது எழுதுகிறேன். படித்துக் காட்டுவது அபூர்வம். கவுண்டருக்கு வெளியே வரிசை நிற்கிறது.

ஆம்பூரில் ஒரு பெரியவர் இருக்கிறார். பாய் என்று மட்டும் சொல்கிறேன். உருதுவில் கையெழுத்துப் போடுவார். தமிழ் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், படிக்க வராது. பதிமூன்று வயதில் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர். பிறகு மேஸ்திரி, பிறகு சின்ன டேனரி ஒன்றில் பங்குதாரர். டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்தவர், நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லக் கேட்டு, தன் கதையை எழுதித் தர முடியுமா என்றார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலியும் அவரே சொன்னார்.

பிறர் பெயரில் எழுதுவதைப் பற்றி நான் இதே மாதிரிப் பத்திரிகைகளில் ஏளனமாக எழுதியிருக்கிறேன். மணிவிழா மலர்களையும் பிரமுகர்களின் சுயசரிதைகளையும் கிழித்திருக்கிறேன். ஒப்புக்கொண்டதற்குப் பணம் ஒரு காரணம். இன்னொன்று, அவர் ஆவாரம்பட்டையைப் பற்றிச் சொன்ன விதம். பட்டைத் தண்ணீரில் தோல் ஊறி எழும்போது வரும் நிறத்தை விளக்கக் கையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். அந்தக் கையில் அந்த நிறம் இருந்தது.

பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகள் செல்போனில் பதிவு செய்தேன். முதல் அத்தியாயத்தை எழுதிக்கொண்டுபோய்ப் படித்தேன். பாலாற்று மணலில் புதைந்த பால்யம், தோலின் மௌனம் என்றெல்லாம் இருந்தது. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பாய் முழுக்கக் கேட்டார்.

"நல்லா இருக்கு தம்பி. யாரு இவரு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல்தான் இருந்தது. நான் வீட்டுக்கு வந்து, யாருடைய புத்தகம் இது என்ற கேள்வியை, பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் செய்வதுபோல, புத்தகங்களில் தேடினேன்.

கிடைத்தது விசித்திரமாக இருந்தது. ஸ்டீவ் டொனாகு என்று இங்கிலாந்தில் புகழ்பெற்ற குதிரைப் பந்தய ஜாக்கி. தன் அனுபவங்களை ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார், அவர் எழுதினார், ஜாக்கியின் பெயரில் வந்தது. பின்னால் அந்த எழுத்தாளர் அதே விஷயத்தைச் சுருக்கி வேறிடத்தில் போட முனைந்தபோது டொனாகு வழக்குப் போட்டார். 1937இல் தோற்றார். அனுபவமும் எண்ணமும் யாருக்கும் சொத்தல்ல, அதற்குச் சொல்வடிவம் தந்தவரே ஆசிரியர் என்பது தீர்ப்பின் சாரம். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 17ஆம் பிரிவின்படி எழுதியவரே முதல் உரிமையாளர். பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியம், எடுக்கச் சொன்ன புகைப்படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை கொடுத்தவருக்குச் சேரும். எழுத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஆக, எழுதிக் கையெழுத்திட்ட உரிமை மாற்றம் இல்லாவிட்டால் பாயின் வாழ்க்கை என்னுடையது!

அதை அவரிடம் சொன்னேன். சிரித்தார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் ஜாப் ஒர்க் என்று ஒன்று உண்டு. ஒருவர் பச்சைத் தோலைக் கொண்டுவந்து கொடுப்பார், டேனரிக்காரர் பதனிட்டுத் தருவார், கூலி வாங்கிக்கொள்வார். "தோலு அவருது. பதம் நம்மளுது. பதம் போட்டேன்னு தோல நான் வித்துட முடியுமா? அந்த ஜட்ஜு டேனரி பாத்ததில்ல போல." சட்டத்தைவிட இது எனக்குப் பிடித்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்பதால் முத்திரைத் தாளில் எழுதினோம். 19ஆம் பிரிவு காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று வைத்துக்கொள்ளும். அதனால் இரண்டையும் குறித்தோம். உரிமையை எழுதிக்கொடுத்த பிறகும், இது நான் எழுதியது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவின்படி எனக்கு மிஞ்சும். அதைப் பயன்படுத்த மாட்டேன் என்று வாயால் சொன்னேன். ஒரு நிபந்தனையைப் பாய் சேர்க்கச் சொன்னார்: ஒவ்வொரு பக்கமும் படித்துக் காட்டப்பட வேண்டும், அவர் அடிக்கச் சொன்னதை அடிக்க வேண்டும். நான் தினமும் படிக்காமலே எழுதும் அதே வாசகம்.

கேரளத்தில் நளினி ஜமீலாவுக்கு நேர்ந்ததை அப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். பாலியல் தொழிலாளியான அவருடைய சுயசரிதை 2005இல் ஐ. கோபிநாத் என்பவரின் துணையோடு வந்தது, பரபரப்பாக விற்றது. ஆனால் அதில் இருப்பது தான் அல்ல என்று அவருக்குப் பட்டது. விற்றுக்கொண்டிருந்த புத்தகத்தை ஒதுக்கிவிட்டு, வேறு நண்பர்களின் உதவியோடு திரும்ப எழுதி வெளியிட்டார். 2007இல் ஜெ. தேவிகா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது இந்த இரண்டாம் வடிவத்தைத்தான். விமர்சகர்கள் இதை விளம்பரம் என்றோ குழப்பம் என்றோ பார்த்திருக்கலாம். என் வரையில் அது, 'யாரு இவரு' என்று கேட்கத் துணிந்த செயல். புதுச்சேரிக்குப் பக்கத்துக் காரணி கிராமத்து வீரம்மா சொன்ன வாழ்க்கை, ஜோசியன் ரசீனும் ழான்-லுக் ரசீனும் பதிவு செய்து எழுத, 1995இல் பிரெஞ்சில் வந்தது. அட்டையில் வீரம்மாவின் பெயரும் ஆசிரியராக இருக்கிறது. நேர்மையான ஏற்பாடு. ஆனால் எழுத்தறியாத ஒரு தமிழ்ப் பெண்ணின் பேச்சு முதலில் பிரெஞ்சுப் புத்தகமானபோது, அடிக்கச் சொல்ல அவருக்கு எந்த வரி கிடைத்திருக்கும் என்ற கேள்வி எனக்கு நிற்கிறது.

இனி எங்கள் விஷயம். அலங்காரங்கள் போயின. அதில் வருத்தமில்லை (கொஞ்சம் உண்டு). 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியது, பட்டைக் குழிகள் ஓய்ந்து குரோம் வந்தது, 1996இல் பாலாற்றுக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் டேனரிக்குப் பத்தாயிரம் அபராதம் போட்டது எல்லாம் அவர் பேச்சிலேயே, யாரையும் குறை சொல்லாமல், தன்னையும் விடாமல் வந்தன. ஆற்றைப் பற்றி, "நாங்கதான் தம்பி" என்று ஒரே வரி. அதற்கு மேல் நான் எழுதியிருந்த மூன்று பக்கத்தை எடுக்கச் சொன்னார். சரியென்று பட்டது.

பதினோராவது ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்ன ஒரு விஷயம் இருந்தது. மேஸ்திரியாக இருந்தபோது நடந்தது. அவர் சொல்லி முடிக்க ஒரு மணி நேரமானது. மொத்தப் புத்தகத்தையும் தாங்கும் பகுதி அதுதான் என்று ஒரு விமர்சகனாக எனக்குத் தெரியும். எழுதினேன். எந்த அலங்காரமும் இல்லாமல் நான் எழுதிய ஒரே ஏழு பக்கம் அவை. படித்துக் காட்டினேன். பாய் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க. அடிச்சிடுங்க."

வாதாடினேன். அது இல்லாமல் புத்தகம் பொய்யாகிவிடும் என்றேன். இதே வாதத்தை வேறு எவர் புத்தகத்துக்கும் அச்சில் வைத்திருப்பேன், பாராட்டும் கிடைத்திருக்கும். "பொய் ஒண்ணும் இல்லியே, சொல்லல, அவ்ளோதான். அந்தப் பையனோட அம்மா இன்னும் இருக்காங்க" என்றார். அவர் தன்னைக் காத்துக்கொள்கிறாரா, அந்த அம்மாவையா என்று இப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருக்கலாம். அடித்தேன். பதிவையும் அவர் எதிரிலேயே அழித்தேன்.

புத்தகம் வந்துவிட்டது. என் பெயர் எங்கும் இல்லை. உள்ளூர் நண்பர் ஒருவர், விமர்சன ஆர்வத்தோடு, நல்ல புத்தகம்தான், நடுவில் ஏதோ இடறுகிறது, எழுதிக்கொடுத்தவன் பயந்திருக்கிறான் என்றார். ஆமாம் என்றேன்.

இந்தக் கட்டுரையையும் பாயின் அனுமதியோடுதான் எழுதினேன். போன ஞாயிற்றுக்கிழமை படித்துக் காட்டினேன். ஜட்ஜு பற்றிய இடத்தில் சிரித்தார். அடித்த பக்கங்கள் பற்றி வந்ததும் கையை உயர்த்தினார். நிறுத்தினேன்.

"இதை எடுத்துடட்டுமா பாய்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. டீ வந்தது.

"வேணாம், இருக்கட்டும். அடிச்சவன் நான்தான்னு தெரியட்டும். மேல படிங்க."