கடைசிப் பத்து அடி

என் கணுக்கால் முறிந்த அன்று என் பாராசூட் ஒரு குறையும் இல்லாமல் விரிந்திருந்தது. கயிறு சிக்கவில்லை, துணி கிழியவில்லை, காற்றும் அடங்கியே இருந்தது. நாலாயிரம் அடியிலிருந்து எண்பது அடி வரை என்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது அது. மிச்சமிருந்த எண்பது அடியைக் கெடுத்தது நான்.

ஈரோட்டில் இருக்கும் அம்மா பல வருடங்களாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். "ஏங்கண்ணு, அது விரியாமப் போச்சுன்னா?" முதுகில் இன்னொன்று இருக்கிறது என்பேன். "அதும் விரியலீன்னா?" என்பார். பேச்சு அதோடு பேத்தியின் படிப்புக்குப் போய்விடும். விரிந்த பிறகு என்ன ஆகும் என்று அம்மா கேட்டதில்லை. உறவினர்களோ அலுவலக நண்பர்களோகூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது எனக்கே கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தபோதுதான் உறைத்தது.

வேலைக்காக அரிசோனா வந்தவள் நான். குளிர்காலத்திலும் வானம் வெளுத்துக் கிடக்கும் பாலைவனம். குதிப்பவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கப் போய், பயிற்சியில் சேர்ந்து, செலவைச் சமாளிக்க மற்றவர்களின் பாராசூட்டைக் கூலிக்கு மடித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். இன்று வார இறுதிகளில் நான் ஒரு ரிக்கர், பாராசூட்டுகளைச் சோதித்து மடிப்பவள். மேற்பார்வையில் இருபது ரிசர்வ் குடைகளை, அதாவது மாற்றுக் குடைகளை, மடித்துக் காட்டி, தேர்வெழுதி உரிமம் வாங்கியவள்.

மடிப்பது எனக்குச் சீக்கிரம் வந்தது. அப்பா விசைத்தறி வைத்திருந்தார். துணியோடு வளர்ந்தவள் நான். பாராசூட்டைத் தோளில் தொங்கவிட்டு, கயிற்று வரிசைகளுக்கு நடுவே துணியை ஒவ்வொரு மடிப்பாக இழுத்து விடும்போது சேலைக்குக் கொசுவம் வைப்பது போலத்தான் இருந்தது. துணிதான் படுத்தியது. காற்றே புகாதபடி சிலிக்கோன் பூசிய நைலான் அது. புதுசாக இருக்கும்போது விலாங்கு மீன்தான். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். காற்றைப் பிதுக்கி எடுக்க அதன் மேல் உடம்போடு படுத்துவிட வேண்டும். முதல் நாள் ஒரு பாராசூட்டை உறைக்குள் திணிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அழுதுவிட்டேன்.

முதுகில் மாட்டும் பைக்குள் இரண்டு குடைகள் இருக்கும். கீழே மெயின், மேலே ரிசர்வ். மெயினை நாமே மடித்துக்கொள்ளலாம். ரிசர்வை மடிக்க ரிக்கருக்கு மட்டுமே அனுமதி. அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒரு முறை, குதித்திருந்தாலும் குதிக்காவிட்டாலும், அதைப் பிரித்துச் சோதித்து மறுபடி மடித்தாக வேண்டும். முடித்ததும் சிவப்பு நூலில் சின்ன ஈய முத்திரை வைத்து, அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடுவோம். அதற்கு முன் மேசையில் பரப்பிய கருவிகளை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் எழுந்து தேடக் கூடாது. மடித்ததைப் பிரிக்க வேண்டும். காணாமல் போனது பைக்குள் இருக்கலாம்.

விரிவது என்பது ஒரே செயல் மாதிரிக் கீழே இருப்பவர்களுக்குத் தெரியும். உண்மையில் அது வரிசையாக நடக்கும் பல சிறு வேலைகள். பதின்மூவாயிரம் அடியில் விமானத்தை விட்டு வெளியேறினால் ஏறக்குறைய ஒரு நிமிட வீழ்ச்சி, மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகம். பிறகு வலது கை பின்னால் போய், பையின் அடியில் செருகியிருக்கும் சின்னக் குடையை உருவி ஓடும் காற்றில் வீசுகிறது. அதற்குப் பைலட் சூட் என்று பெயர். அது காற்றைப் பிடித்து நிற்க, நாம் கீழே போய்க்கொண்டே இருக்கிறோம். அதையும் மெயின் குடையையும் இணைக்கும் பட்டை விறைத்து, பையைப் பூட்டியிருக்கும் வளைந்த ஊசியை இழுக்கிறது. மடல்கள் திறக்கின்றன. உறை மேலே எழும்புகிறது. ரப்பர் பேண்டுகளில் சுருட்டி மாட்டிய கயிறுகள் ஒவ்வொரு சுருளாகக் கழன்று, கடைசிச் சுருளும் போன பிறகே உறையின் வாய் திறந்து துணி வெளியே வருகிறது.

அந்த வேகத்தில் துணி ஒரேயடியாக விரிந்தால் துணியும் கிழியும், எலும்பும் உடையும். அதைத் தடுப்பது ஸ்லைடர் என்ற சதுரத் துண்டு. நான்கு மூலையிலும் வளையம். அவற்றின் வழியாகத்தான் எல்லாக் கயிறுகளும் போகின்றன. விரியத் துடிக்கும் துணி அதைக் கீழே தள்ளப் பார்க்கும். எதிர்க்காற்று அதை மேலேயே நிறுத்தப் பார்க்கும். இந்த இழுபறியில் மூன்று நான்கு விநாடி கழிகிறது. அந்த விநாடிகளில்தான் நம் உடம்பு பிழைக்கிறது. மடிக்கும்போது ஸ்லைடரை உச்சிவரை ஏற்றி வைக்க மறந்தவர், அடுத்த முறை மறக்கவே மாட்டார்.

பைலட் சூட்டிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வேலை முடிந்ததும் அது தானாகவே சுருங்கிவிடும். அதனால் ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் நடுக்கயிற்றை இழுத்து அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். மறந்தால் வெறும் துணியாகப் பின்னால் படபடத்துக்கொண்டு வரும். ஊசியை இழுக்கும் பலம் இருக்காது. இதைச் சரிபார்க்கவே பட்டையில் ஒரு சின்னச் சன்னல் வைத்திருக்கிறார்கள். நிறம் தெரிந்தால் சரி. நான் மடிக்கும் ஒவ்வொன்றிலும் அந்த நிறத்தைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் மூடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் மந்திரம் சொல்கிறேன் என்று கேலி செய்வார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு முறை அம்மாவின் கேள்வி எனக்கு நேர்ந்தது. விமானத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அரட்டை அடித்துக்கொண்டே மடித்தேன். குடையின் வேகத்தைக் குறைக்கும் பிரேக் கயிறுகளில் ஒரு பக்கத்ததைச் சரியாகச் செருகவில்லை. விரிந்த அதிர்ச்சியில் அது கழன்றுகொண்டது. ஒரு பக்கம் பிரேக், மறுபக்கம் முழு வேகம். குடை சுழல ஆரம்பித்தது. பூமி தட்டாமாலை சுற்றியது. உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் எண்கள் வேகமாகக் குறைந்தன. அன்று என் உரிம நிலைக்கு 2,500 அடிக்கு இறங்குவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். தரையில் ஆயிரம் முறை செய்து பார்த்ததையே கைகள் செய்தன: வலப்பக்கச் சிவப்புப் பிடியைப் பார், பற்று, இடப்பக்க வெள்ளிப் பிடியைப் பார், சிவப்பை இழு, வெள்ளியை இழு. சிவப்பை இழுத்ததும் மெயின் கழன்று பறந்தது. நான் வெள்ளியை முழுக்க இழுப்பதற்குள் ரிசர்வ் தலைக்கு மேல் நின்றது. மெயின் போகிற போக்கில் ரிசர்வைத் திறந்துவிடும் இணைப்புப் பட்டை என்னை முந்திக்கொண்டது. உங்கள் ரிசர்வ் விரிந்தால் அதை மடித்த ரிக்கருக்கு ஒரு பாட்டில் மது வாங்கித் தருவது எங்கள் வழக்கம். வாங்கிக்கொண்டு போனேன். அவர் பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு, "பிரேக்கை எப்படிச் செருகினாய், காட்டு" என்றார்.

அந்தச் சிவப்புப் பிடி ஒரு இழுப்பில் வேலை செய்வதற்குக் காரணம் பில் பூத் என்ற அமெரிக்கர் 1970களில் உருவாக்கிய மூன்று வளைய அமைப்பு. பெரிய வளையத்துக்குள் நடு வளையம், அதற்குள் சின்ன வளையம், கடைசியில் ஒரு மெல்லிய நூல் கண்ணி. ஒவ்வொரு வளையத்திலும் பாரம் குறைந்துகொண்டே வர, கண்ணியைத் தாங்குவது ஒரு மஞ்சள் கேபிள் மட்டுமே. முழு உடம்பின் பாரத்தையும் இரண்டு விரலால் உருவிவிடலாம். வட்டக் குடை போய், அறை அறையாகக் காற்று நிரம்பி விமான இறக்கை போலப் பறக்கும் செவ்வகக் குடை வந்ததற்குக் காரணம் டொமினா ஜால்பர்ட் என்ற காற்றாடிக்காரர். 1964இல் அதை உருவாக்கினார். மயங்கிப் போனாலும் உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டு, ரிசர்வின் கண்ணியைத் தானே அறுத்துவிடும் சைப்ரஸ் கருவி 1991இல் வந்தது. நண்பரை இழந்த ஹெல்முட் க்ளோத் என்ற ஜெர்மானியர் செய்தது அது.

இவ்வளவும் வந்தபின் சாவு நின்றிருக்க வேண்டும். குறைந்தது; நிற்கவில்லை, இடம் மாறிக்கொண்டது. கருவி பத்திரமாக ஆக ஆக மனிதர்கள் கூடுதலாக ஆபத்தைத் தேடிப் போய்க் கணக்கைச் சரிசெய்துவிடுகிறார்கள் என்பது பில் பூத்தே சொல்லிவரும் கருத்து. இன்று இந்த விளையாட்டில் சாகிறவர்களில் பலர் நன்றாக விரிந்த குடையின் கீழ், தரைக்கு அருகில் சாகிறார்கள். சிறிய குடை, அதிக வேகம், தாழ்வான திருப்பம்.

என் கதையும் அதுதான். எடையும் பையும் சேர்த்து நான் 160 பவுண்டு. 190 சதுர அடிக் குடையில் பறந்துகொண்டிருந்தவள், நூற்றுச் சொச்சம் குதிப்புகளிலேயே 150க்கு மாறினேன். புதியவர்கள் சதுர அடிக்கு ஒரு பவுண்டைத் தாண்ட வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. நான் கொஞ்சம்தான் தாண்டினேன். அந்தக் கொஞ்சத்தில் குடையின் குணமே வேறு.

தரையிறங்குவது ஆயிரம் அடியிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து காற்றின் போக்கிலேயே ஒரு கோடு, அறுநூறு அடியில் ஒரு திருப்பம், முந்நூறில் காற்றை எதிர்கொண்டு கடைசித் திருப்பம். அதன் பிறகு நேர்கோடு மட்டும். அன்று அந்த நேர்கோட்டில் எண்பது அடியில் வரும்போது, தன் பாராசூட்டைத் தோளில் அள்ளிக்கொண்டு ஒருவர் குறுக்கே நடந்தார். நான் குடையைத் திருப்பும் இடது கைப்பிடியை, அதாவது டாகிளை, வேகமாக இழுத்தேன்.

ஒரு பக்கத்தை இழுத்தால் குடை திரும்புவதோடு சாய்கிறது. சாய்ந்த இறக்கை தாங்காது; மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு பாயும். உடம்பு ஊசல் போல வெளியே வீசப்படும். அது மறுபடி குடைக்கு அடியில் வந்து சேர உயரம் வேண்டும். எண்பது அடியில் அந்த உயரம் ஏது? நான் செய்திருக்க வேண்டியது, இரண்டு டாகிளையும் பாதி இழுத்துப் பிடித்து, அந்தப் பாதி பிரேக்கிலேயே ஒரு பக்கத்தைச் சிறிது விட்டுக் கொடுப்பது. சாயாமல் திரும்பியிருக்கும். எனக்கு அது தெரியும். தாளில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். கைக்குத் தெரியவில்லை.

இப்போது புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: குடை சாயாமல் தரையைத் தொடு. காற்றுக்கு எதிராக இறங்க முடியவில்லையா, குறுக்கே இறங்கு. காற்றோடு ஓடியும் இறங்கு. முழங்கால் சிராயும், முகத்தில் மண் அப்பும். போகட்டும். தாழ்வாகத் திரும்பாதே.

அடுத்தது ஃபிளேர். பத்துப் பன்னிரண்டு அடியில் இரண்டு டாகிளையும் ஒரே சீராகக் கீழே இழுக்கிறோம். குடையின் வால் தாழ, அது வேகத்தை இழக்க, உடம்பு முன்னால் ஊசலாடுகிறது. குடையின் மூக்கு நிமிர்கிறது. இருந்த வேகமெல்லாம் தூக்கும் விசையாக மாறுகிறது. சரியான நொடியில் செய்தால் படியிலிருந்து இறங்குவது போல இறங்கலாம். முன்னதாகச் செய்தால் வேகம் தீர்ந்து தொப்பென்று விழுவோம். அப்போது வரும் முதல் எண்ணம் கையை மேலே விட்டுவிட வேண்டும் என்பது. விட்டால் குடை முன்னால் பாய்ந்து நம்மைத் தரையில் அறையும். இழுத்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு, கால்களைச் சேர்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த ஒரு விநாடி காத்திருப்பைக் கற்றுக்கொடுப்பதுதான் எனக்கு இன்றும் கடினமான வேலை. பத்து அடி எவ்வளவு என்பதைக் கண் கற்கும் வரை எண்ணால் சொல்லிப் பயனில்லை. காலடியைப் பார்க்காதே, தொலைவைப் பார் என்று மட்டும் சொல்வேன்.

எல்லாம் தவறினால் உருள வேண்டும். பாதங்களும் முழங்கால்களும் ஒட்டியிருக்க, முன்பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, மறு தோள் என்று அடியைப் பகிர்ந்து விழுவது. இது வட்டக் குடைக் காலத்துப் படைவீரர்களின் சொத்து. அவர்களுக்கு ஃபிளேர் கிடையாது. விழத் தெரிந்திருந்தால் கால் தப்பும். 1941இல் டெல்லியில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் முதன்முதலில் குதித்த இந்தியர்களில் ஒருவர் ராணுவ மருத்துவர் ஏ.ஜி. ரங்கராஜ், சென்னை மாகாணத்துக்காரர். பிறகு கொரியப் போரில் 60ஆவது பாரா ஃபீல்ட் ஆம்புலன்ஸைத் தலைமையேற்று நடத்தி மகாவீர் சக்ரா பெற்றார். அவருக்குக் கிடைத்த குடையோடு ஒப்பிட்டால் என்னுடையது பல்லக்கு. கால் முறிந்தது எனக்கு. ஒரு காலை முன்னால் நீட்டி, நின்றுகொண்டே இறங்கப் பார்த்தேன். பார்ப்பவர்கள் முன் உருள வெட்கம்.

தட்டும் திருகாணிகளும் வைத்துத் தைத்தார்கள். ஏழு மாதம் கழித்துத் திரும்பிப் போனபோது 190 சதுர அடிக் குடையையே மாட்டிக்கொண்டேன். இன்றும் அதுதான். என்னோடு தொடங்கியவர்கள் அதில் பாதியளவுக் குடையில் சீறிக்கொண்டு இறங்குவார்கள். நான் ஒவ்வொரு காலையும் முதல் விமானத்துக்கு முன் ஒரு பெஞ்சிலிருந்து மணலில் நாலு முறை விழுந்து உருண்டுவிட்டுத்தான் பையை மாட்டுகிறேன்.

ஒரு முறையாவது குதித்துப் பார்க்க ஆசைப்படுபவர்கள் உண்டு. தயங்காமல் போங்கள். ஆனால் போகும் இடத்தில் குடை விரியுமா என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ரிசர்வின் அட்டையைக் காட்டச் சொல்லித் தேதியைப் பாருங்கள். தனியாகக் குதிக்கப் பயில்கிறீர்கள் என்றால், குதிக்கக் கற்றுக்கொடுக்கும் முன் விழக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு நேரமில்லை என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.