தரிசு

வானத்திலிருந்து பார்த்தால் கண்ணிவெடி தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. செயற்கைக்கோள் என்றவுடன் நம்மில் பலர் அதை எல்லாம் அறிந்த ஒரு கண்ணாக ஆக்கிவிடுகிறார்கள். அதை வெறுப்பவர்களும் அப்படி ஆக்கிக்கொண்டுதான் வெறுக்கிறார்கள். விஷயம் அவ்வளவு பிரம்மாண்டமானதல்ல. சோவியத் தயாரிப்பான பி.எம்.என். வெடியின் குறுக்களவு சுமார் 11 சென்டிமீட்டர். 2014ல் ஏவப்பட்ட வேர்ல்ட்வியூ-3 செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 31 சென்டிமீட்டர். ஐரோப்பியர்கள் இலவசமாகத் தரும் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். ஒரு சிறிய வீடே அதற்குள் அடங்கிவிடும். தவிர, வெடி மண்ணுக்கடியில் இருக்கிறது. 1981 நவம்பரில் கொலம்பியா விண்கலத்தில் போன ராடார், ஸஹாரா மணலுக்கடியில் மறைந்திருந்த பழைய ஆற்றுப்படுகைகளைக் காட்டியது உண்மைதான். அது ஈரமே அறியாத மணல், காட்டியதும் ஆறுகளை. வயற்காட்டு மண்ணுக்குள் கிடக்கும் உள்ளங்கையளவு பிளாஸ்டிக் டப்பா வேறு விஷயம்.

அப்படியானால் செயற்கைக்கோள் எதைத்தான் காட்டுகிறது? மனிதர்கள் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் காட்டுகிறது. பதுங்குகுழிகளின் வரிசை, பாதியில் புல் மூடி நின்றுபோகும் வண்டித்தடம், நேர்வழி இருக்கும்போதே வளைந்துபோகும் புதிய ஒற்றையடிப்பாதை. எல்லாவற்றையும்விட முக்கியமானது உழாத வயல். சுற்றிலும் கோதுமையும் சோளமும் பருவத்துக்குப் பருவம் நிறம் மாறிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் வருஷா வருஷம் புதராகிக்கொண்டே போகிறது. அங்கே கால்வைக்க யாரோ பயப்படுகிறார்கள். படத்தில் தெரிவது அந்தப் பயம்.

1991லிருந்து 1995 வரை போர் நடந்த குரோஷியாவில் இந்தத் தடயங்களை முறைப்படுத்திப் பார்க்க ஒரு முயற்சி நடந்தது. ஐரோப்பிய ஆணையத்தின் பணத்தில் 2001 முதல் 2004 வரை நடந்த 'ஸ்மார்ட்' என்ற திட்டம் அது. பெல்ஜியத்து ராயல் மிலிட்டரி அகாதெமி, ஜெர்மானிய விண்வெளி மையம் முதலியவை குரோஷிய வெடியகற்றும் மையத்தோடு சேர்ந்து வேலை செய்தன. விமானத்தில் பொருத்திய ராடாரின் பதிவுகள், செயற்கைக்கோள் படங்கள், பழைய வரைபடங்கள் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அபாய வரைபடங்கள் தயாரித்தார்கள். குறிகளை அவர்கள் இரண்டாகப் பிரித்துக்கொண்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெடி இருப்பதைச் சுட்டும் குறிகள் ஒரு வகை. இல்லாததைச் சுட்டும் குறிகள் இன்னொரு வகை. பயிர் நிற்கும் வயல் இந்த இரண்டாம் வகையில் வருகிறது.

இரண்டாம் வகைக்குத்தான் மதிப்பு அதிகம். மண்டியிட்டுக் கையால் தேடும் ஒருவர் ஒரு நாளில் முடிப்பது சில பத்துச் சதுர மீட்டர். குரோஷியாவில் சந்தேகத்துக்குரிய நிலம் 13,000 சதுர கிலோமீட்டர் என்று 1996ல் ஐக்கிய நாடுகள் மதிப்பிட்டது. 2000களின் நடுவில் அது ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்திருந்தது. அவ்வளவையும் யாரும் தோண்டவில்லை. பெரும்பகுதி விசாரித்தும் ஒப்பிட்டும் கழிக்கப்பட்டது. ஆக, வெடியகற்றல் என்பதில் பெரும்பங்கு சந்தேகத்தை அகற்றுவது. வெடியே வைக்கப்படாத வயலும், சந்தேகம் இருக்கும்வரை, வெடி வைத்த வயலைப் போலவே உழப்படாமல் கிடக்கும். சந்தேகத்தை அகற்றும் வேலையில் மேலிருந்து எடுத்த படம் நிஜமாகவே உதவுகிறது.

சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. 1995 ஆகஸ்டில் குரோஷியப் படை க்ராயினா பகுதியை மீட்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட செர்பியர்கள் டிராக்டர்களிலும் கார்களிலும் வெளியேறினார்கள். அவர்களுடைய வயல்களும் தரிசாயின. வெடிக்குப் பயந்து விட்ட வயலும், உடையவன் ஊரைவிட்டே போய்விட்ட வயலும் மேலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். முள்ளும் புதரும் காரணம் கேட்டு முளைப்பதில்லை. காலவரிசையாகப் பார்த்தால் ஓரளவு பிரிக்கலாம். லாண்ட்ஸாட் வரிசை 1972ல் தொடங்கியது. 2008லிருந்து அதன் பழைய படங்கள் யாருக்கும் இலவசம். ஒரு வயலில் 1991ல் உழவு நின்றிருந்தால் போர்முனை அருகில் இருந்திருக்கலாம். 1995ல் நின்றிருந்தால் ஆட்கள் போய்விட்டிருக்கலாம். இருந்திருக்கலாம், போயிருக்கலாம் என்பதற்குமேல் படம் பேசாது. போகிறவர்களும் வெடி வைத்துவிட்டுப் போவதுண்டு.

மறுபக்கம் இன்னும் மோசம். பயிர் நிற்கும் வயல் பத்திரமானது என்ற அனுமானத்துக்கு அடியில், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மனிதன் உழமாட்டான் என்ற இன்னொரு அனுமானம் இருக்கிறது. இது வயிறு நிறைந்தவனின் தர்க்கம். கம்போடியாவிலும் அங்கோலாவிலும் வெடி இருப்பது தெரிந்தே உழுதவர்கள் உண்டு. 2022க்குப் பிறகு உக்ரைனில், அகற்றுகிறவர்கள் வரும்வரை காத்திருக்க முடியாத விவசாயிகள் டிராக்டரை இறக்கினார்கள். வெடியில் சிக்கிச் செத்தவர்களும் உண்டு. படத்தில் அந்த வயல் பச்சையாக இருக்கிறது. அந்தப் பச்சை எதனால் வந்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வங்கியில் பயிர்க்கடன் விண்ணப்பங்களைப் பார்க்கும் வேலையில் இருப்பதால் தரிசு என்ற சொல் எனக்குப் பழக்கமானது. சிட்டாவோடு அடங்கல் நகலும் வரும். சர்வே எண்ணுக்கு நேரே பயிரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் சில சமயம் தரிசு என்றிருக்கும். கிணறு வற்றியிருக்கலாம். அண்ணன் தம்பிக்குள் பாகவழக்கு நடக்கலாம். மகன் திருப்பூருக்குப் போய்விட்டிருக்கலாம். மனைக்காரன் அட்வான்ஸ் கொடுத்திருக்கலாம். அடங்கலில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். காரணம் தெரிய வேண்டுமென்றால் அந்த ஊருக்குப் போய், டீக்கடையில் உட்கார்ந்து, சொல்லத் தெரிந்தவர் வாயைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். வெடியகற்றுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். கையில் படத்தோடு கிராமத்துக்குப் போய், எந்த மாடு எங்கே செத்தது, எந்தப் படை எத்தனை மாதம் எங்கே தங்கியிருந்தது என்று கேட்கிறார்கள். வெடி வைத்த சிப்பாய் உயிரோடு இருந்து, பேசவும் சம்மதித்தால், அவனைவிடச் சிறந்த வரைபடம் இல்லை.

இதை நான் இந்தப் பக்கங்களில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கில இலக்கிய வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட விமர்சன முறை, கவிதையைத் தவிர வேறெதையும் பார்க்காதே என்பது. எழுதியவன் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்பதெல்லாம் அநாவசியம். இந்த முறையின் மூலவராகச் சொல்லப்படும் ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ், பெயரும் தேதியும் நீக்கிய கவிதைகளைக் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார். 1929ல் அது புத்தகமாக வந்தது. அந்தப் புத்தகத்தின் பெரும்பகுதி தப்பான வாசிப்புகளின் தொகுப்பு என்பதை நம் வகுப்பறைகள் சௌகரியமாக மறந்துவிட்டன. பெயர் நீக்கிய கவிதையும் மேலிருந்து எடுத்த வயலும் ஒரே மாதிரியான பொருட்கள். இரண்டையும் கவனமாகப் பார்க்கத்தான் வேண்டும். அந்தக் கவனத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு கவிதையில் ஒரு மௌனம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதோடு விமர்சகன் வேலை முடிந்துவிடுவதில்லை. அது சொல்லப் பயந்த மௌனமா, சொல்ல ஆளில்லாத மௌனமா என்பதைக் கவிதைக்கு வெளியே போய்த்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

நம் விஷயத்தில் வெளியே என்பது அதிக தூரமில்லை. தமிழ்நாட்டில் நாம் எல்லாவற்றையும் கண்ணிவெடி என்கிறோம். ஈழத்தில் மிதிவெடி என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கண்ணி வேடன் வைப்பது; அந்தச் சொல்லில் வைத்தவன் இருக்கிறான். மிதிவெடியில் மிதித்தவர் இருக்கிறார். நம் கவிதைகளில் கண்ணிவெடி படிமமாக வந்து போகிறது. மிதிவெடியை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. முகமாலையில், 2000லிருந்து 2009 வரை போர்முனையாக இருந்த மண்ணில், இரண்டு தரப்பின் வெடிகளும் கலந்து கிடந்தன. புலிகள் மரப்பெட்டியில் செய்த ஜொனி 95ம் அவற்றில் உண்டு. இரும்பு வாரியால் மண்ணை அடுக்கடுக்காகச் சுரண்டித் தேடுகிறார்கள். தேடுகிறவர்களில் பலர் பெண்கள். போரில் கணவனை இழந்து குடும்பத்தைச் சுமப்பவர்கள் அவர்களில் உண்டு. கொஞ்சம் வடக்கே வலிகாமத்தில், 1990லிருந்து உயர்பாதுகாப்பு வலயம் என்று ராணுவம் வளைத்துக்கொண்ட ஊர்களும் பற்றைக்காடாயின. முகமாலைப் பற்றையையும் வலிகாமத்துப் பற்றையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படத்தில் வித்தியாசம் சொல்வது கடினம். ஒன்றுக்குத் தேவை வாரி. மற்றதற்குத் தேவை ஓர் அரசாங்க உத்தரவு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1987க்கும் 1990க்கும் இடையில் அங்கே இருந்த இந்திய அமைதிப்படையும் வெடி வைத்தது என்று கண்ணிவெடி பற்றிய சர்வதேச ஆய்வறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. 1997ன் ஒட்டாவா ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. 2025ல் எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக எழுத்தில் தெரிவித்தன. ருஷ்யாவிடம் அவர்களுக்குள்ள பயம் பொய்யல்ல. ஆனால் அவர்கள் வெடி வைத்தால், வருங்காலச் செயற்கைக்கோள்களுக்கு வாசிக்கப் புதிய தரிசுகள் கிடைக்கும்.

தேடி முடித்த நிலத்தை ஒப்படைக்கும்போது ஒரு சான்றிதழ் எழுதப்படுகிறது. அதில் யாராவது ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். சில நாடுகளில் அதோடு விடுவதில்லை. தேடியவர்களே ஊர்க்காரர்கள் முன்னால் அந்த நிலத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து காட்டுகிறார்கள். சில இடங்களில் பந்து விளையாடுகிறார்கள். படங்களையும் அறிக்கைகளையும் நம்பாத கிழவர்கள் அதைப் பார்த்து நம்புகிறார்கள். சில பருவங்கள் கழித்து அந்த வயல் மேலிருந்து எடுத்த படத்தில் நிறம் மாறித் தெரியும். அதற்குள் அங்கே யாரோ நடந்திருப்பார்கள். நடந்தவர் பெயர் படத்தில் இருக்காது.